சுறவின் வாழிடமும் கடல்நீரின் வெம்மையும்

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து தோன்றுவன கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேர்வுக்காக மாணவர் மனனம் செய்யும் இப்பகுப்பு செய்யுள் இயற்றுவோர்க்கு மட்டும் உரிய இலக்கணம் அன்று. ஓர் உயிர் எங்கே வாழும், எப்பொழுது வாழும், ஏன் பிறிதோரிடத்தில் வாழாது என்னும் வினாக்களுக்கு நம் முன்னோர் கண்ட விடையும் அதனுள் அடங்கியுள்ளது. நெய்தல் நிலத்துக் கருப்பொருள்களை வகுத்த அகப்பொருள் நூலார் விலங்கு என்னும் வரிசையில் சுறாவை வைப்பர். மீனினத்தைச் சேர்ந்ததாயினும் அதன் பெருமையும் வலிமையும் நோக்கி அவ்விடம் அளித்தனர் போலும். அச்சுறவின் வாழிடம் எது, அவ்வாழிடத்தை வரையறுக்கும் நீரின் வெம்மை எத்தகையது, அவ்வெம்மை மாறுமாயின் விளைவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்குக் கடல் தொலைவான பொருளாகத் தோன்றலாம். உண்மையில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றால் ஒரு மணி நேரப் பயணத்தில் கோவளம் வந்துவிடும். ஹஜ்ரத் தமீம் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவிற்கு ஜியாரத் செய்யச் செல்வோர் பலரும் அக்கரையில் நின்று கடலைக் கண்டு வருகின்றனர். கண்ட கடலை அறிந்து வந்தோமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மரபு கண்ட சுறவு

சுறா, சுறவு, சுறவம் என இச்சொல் தமிழில் பல வடிவங்களில் வழங்குகின்றது. காமனின் கொடியைச் சுறவுக்கொடி என்பர். ஞாயிறு மகரத்தில் புகும் தைத் திங்களைத் தனித்தமிழ் அன்பர்கள் சுறவத் திங்கள் என்று வழங்குவர். மார்கழியும் தையுமே சென்னைக் கடல் மிகவும் குளிர்ந்திருக்கும் காலம். கடலிற் குளிர்ச்சி மிக்க காலத்தோடு சுறவின் பெயர் இணைந்திருப்பது தற்செயலே எனினும் நினைவிற்கொள்ள ஏற்றது.

தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர்களைக் கூறுமிடத்துக் கடலில் வாழும் சுறவையும் ஏறு எனலாம் என்று விதிக்கின்றது. எருதுக்கும் எருமைக்கும் உரிய பெயரை ஒரு மீனுக்கு அளித்தது ஏன்? பெரும்பாலான மீன்களில் ஆண் எது, பெண் எது என்று புறத்தோற்றத்தால் எளிதில் அறிய இயலாது. சுறவினத்திலோ ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்பை ஒட்டி இரு நீண்ட உறுப்புகள் வெளிப்படையாகத் தெரியும். பிடித்த சுறவைக் கரையில் புரட்டிப் பார்த்த பரதவர்க்கு இது முதல் நாளே புலனாகியிருக்கும். இலக்கண விதியின் பின்னே அவர்தம் கண்ணறிவு நிற்கின்றது என்று நாம் கருத இடமுண்டு.

குறுந்தொகையின் 269ஆம் பாடல் இங்கு நோக்கத்தக்கது. சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கிறார். தாய் உப்பை விற்று நெல்லைப் பெற்றுவர உப்பு வயலுக்குச் செல்கிறாள். தலைவனுக்கு இச்செய்தியை உரைப்பார் யாரேனும் உளரோ என்று ஏங்குகிறாள் தலைவி. காதற் பாட்டாகிய இதனுள் ஒரு மீனவக் குடும்பத்தின் ஒரு நாள் முழுமையாக உள்ளது. தந்தை சுறவைப் பழிக்கவில்லை; கடலை விட்டு விலகவுமில்லை. புண் ஆறியது, தொழிலுக்குச் சென்றார், அவ்வளவே. 1975ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம் உலகெங்கும் பரப்பிய கொலைகாரச் சுறா என்னும் உருவம் வேறு; நெய்தற் புலவர் அறிந்த சுறவு வேறு. இவர்களுக்கு அது அஞ்சத்தக்க அண்டை வீட்டுக்காரன். கோவளம் முகத்துவாரத்தையும் கேளம்பாக்கத்து உப்பளங்களையும் அடுத்தடுத்துக் கண்டவர்க்கு அப்பாடலின் தந்தை சென்ற திசையும் தாய் சென்ற திசையும் எளிதில் விளங்கும்.

உடல் வெம்மையும் நீர் வெம்மையும்

மனிதன் பனிமலையில் நின்றாலும் பாலையில் நின்றாலும் அவன் உடல் வெம்மை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸாகவே இருக்கும். சுறவின் நிலை வேறு. 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்களுள் மிகப் பெரும்பாலானவை தம்மைச் சூழ்ந்த நீரின் வெம்மையையே தம் உடல் வெம்மையாகக் கொண்டவை. நீர் குளிர்ந்தால் உடல் குளிரும், செரிமானம் தாழும், நீந்தும் விரைவு குறையும். நீர் வெம்மையுற்றால் உடலின் இயக்கம் விரைவுறும். உணவும் உயிர்வளியும் மிகுதியாகத் தேவைப்படும். ஆகவே சுறவுக்கு நீரின் வெம்மை என்பது வெறும் வானிலைச் செய்தி அன்று. அதன் உயிர்ப்பின் அளவுகோல் ஆகும்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. பெரு வெண்சுறா, மேக்கோ சுறா, சால்மன் சுறா முதலியவற்றின் உடலில் குருதி நாளங்கள் பின்னிப் பிணைந்த வலைபோல் அமைந்துள்ளன. தசைகளில் வெம்மையுற்றுத் திரும்பும் குருதி, செவுள்களிலிருந்து குளிர்ந்து வரும் குருதியை ஒட்டி எதிர்த்திசையில் ஓடித் தன் வெம்மையை அதற்கு அளித்துவிடுகின்றது. உழைப்பால் உண்டான சூடு கடலில் வீணாகாமல் உடலிலேயே தங்குகின்றது. இதனால் அவை குளிர்ந்த கடல்களிலும் விரைந்து வேட்டையாட வல்லவையாகின்றன.

இவ்வமைப்பு இல்லாத கொம்பன் சுறா வேறொரு வழி கண்டுள்ளது. ஹவாய்த் தீவுக் கடலில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அங்குள்ள கொம்பன் சுறாக்கள் வெம்மையான மேல்நீரிலிருந்து இரவில் சுமார் 800 மீட்டர் ஆழம் வரை பாய்கின்றன. அங்கு நீரின் வெம்மை சுமார் 5 பாகையே. ஆயினும் பாயும் வேளையில் அவற்றின் உடல் வெம்மை குன்றவில்லை. செவுள்கள் வழியாகவே உடற்சூடு பெரிதும் வெளியேறும் என்பதால், அவை செவுள்களை மூடிக்கொண்டு மூச்சடக்கிச் செல்கின்றன என்று ஆய்வாளர் முடிவு கண்டனர். முத்துக் குளிப்போர் மூச்சடக்கி மூழ்குவர் என்பதை அறிவோம். மீனும் மூச்சடக்கி மூழ்கும் என்பது புதுமையன்றோ!

மூவகை நீர்நிலம்

நானிலத்தை நம்மவர் பகுத்ததுபோல் கடலையும் வெம்மையால் பகுத்து நோக்கலாம்.

முதலாவது குளிர்நீர்ப் பகுதி. வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக் கடலிலும் வாழும் கிரீன்லாந்துச் சுறா உறைநிலையை ஒட்டிய நீரில் வாழ்வது. மிக மெதுவாக நீந்தும்; மிக மெதுவாக வளரும். அதன் கண்வில்லையை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மிகப் பெரிய சுறா ஒன்றின் அகவை குறைந்தது 272 ஆண்டுகள் இருக்கும் எனக் கணித்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இதனினும் நெடிய வாழ்நாள் அறியப்படவில்லை.

இரண்டாவது மிதவெம்மைப் பகுதி. தென்னாப்பிரிக்கா, தென் ஆஸ்திரேலியா, கலிபோர்னியா ஆகிய கரைகளில் பெரு வெண்சுறா மிகுதியாக வாழ்கின்றது. நீர் 12 முதல் 24 பாகை வரை உள்ள இடங்களே அதற்குப் பெரிதும் ஏற்றவை.

மூன்றாவது வெம்மைநீர்ப் பகுதி. நம் வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் இதனுள் அடங்கும். சென்னைக் கடலின் மேல்நீர் தை மாதத்தில் சுமார் 26 பாகையாகவும், சித்திரை, வைகாசியில் 30 பாகையை ஒட்டியும் இருக்கும். பால் சுறா, புலிச்சுறா, கொம்பன் சுறா, காளைச்சுறா முதலியன இத்தகைய நீருக்கு உரியவை. காளைச்சுறா கடல்நீரை விட்டு ஆற்றுநீரிலும் ஏற வல்லது. ஆயினும் குளிரைத் தாங்காது. நீர் 20 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அதன் இளங்குட்டிகள் முகத்துவாரங்களை விட்டு விலகிவிடும். உப்பு நீர், நன்னீர் என்னும் வேற்றுமையைக் கடக்கும் ஓர் உயிர், சில பாகை வெம்மையைக் கடக்க இயலாது நிற்பது எண்ணத்தக்கது.

மீன்களிலெல்லாம் பெரிய திமிங்கலச் சுறாவும் வெம்மைநீர் வாழ்க்கையினதே. உருவம் பெரிதாயினும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துண்ணும் சாதுவான மீன் இது. மேல்நீரில் திரியும் இது சில வேளை 1,900 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மூழ்கி, 4 பாகையை ஒட்டிய குளிர்நீரைத் தொட்டு மீள்வதும் உண்டு.

நம் கடலின் அடுக்குகள்

கடலின் வெம்மை கரைக்குக் கரை வேறுபடுவது போலவே மேலிருந்து கீழும் வேறுபடும். இதனை அளந்தறியும் நிறுவனம் நம் அருகிலேயே உள்ளது. வேளச்சேரி தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1993ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இந்தியக் கடல்களில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தி, காற்று, அலை, நீரோட்டம், நீரின் வெம்மை ஆகியவற்றை அறியும் பணியை இக்கழகம் மேற்கொண்டது. ஆழ்கடல் மிதவைகள் சில 500 மீட்டர் ஆழம் வரை வெம்மையை அளக்கின்றன. நாள்தோறும் அச்சாலையில் பேருந்திற் செல்லும் மாணவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

இக்கழகமே 2005ஆம் ஆண்டு இலட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. மேல்நீரின் சூட்டுக்கும் ஆழ்நீரின் குளிர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையே அங்கு ஆவியாக்கவும் ஆவியை மீண்டும் நீராக்கவும் பயன்படுகின்றது. 2007ஆம் ஆண்டு சென்னைக்குக் கிழக்கே நடுக்கடலில் மிதவைக் கலத்தின் மீது இம்முறையைச் சோதித்தபோது, 500 மீட்டருக்கும் கீழிருந்து சுமார் 10 பாகைக் குளிர்நீரை மேலே ஏற்றினர். கோவளத்துக் கரையில் வெதுவெதுப்பாகக் காலை நனைக்கும் அதே கடலின் அடியில், சற்றுத் தொலைவிலேயே, நீலகிரியின் குளிர்கால இரவை ஒத்த குளிர் நிலவுகின்றது. ஒரு கடல் என்று நாம் சொல்வது உண்மையில் பல அடுக்கு மாளிகை. ஒவ்வொரு மாடத்திலும் அதற்குரிய சுறவினம் குடியிருக்கின்றது.

சினைச்சுறவும் கரையோரமும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, பரதவர் சினைச்சுறவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் கூறுகின்றது. இங்குக் குறிக்கப்படும் கொம்பு, இன்று மீனவர் வேளா என்று வழங்கும் மீனின் வாள் போன்ற முகவுறுப்பாதல் கூடும். உயிரியலார் வேளாவைத் திருக்கையினத்தோடு சேர்ப்பர். எனினும் அது சுறவின் நெருங்கிய உறவே. புலவர் வெறுமனே சுறவு என்னாது சினைச்சுறவு என்றது ஏன் என்பதே நம் வினா.

சுறவினத்துள் பலவும் குட்டி ஈனுபவை. சிறுத்தைச் சுறா என்னும் இனத்தின் சினைப்பெண்கள் கலிபோர்னியக் கரையில் ஆழமற்ற, வெம்மை மிக்க நீரில் கூட்டமாக வந்து தங்குவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். வெம்மை கருவின் வளர்ச்சியை விரைவுபடுத்தும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். குட்டிகளுக்கும் ஆழமற்ற கரையோரமே பெருமீன்களிடமிருந்து பாதுகாப்பளிக்கும் தொட்டில். அவ்வாறு கரையை நாடி வந்த சினைமீனே பரதவர் வலையில் எளிதில் பட்டிருக்கும். கருவுற்ற உயிரைக் கொல்ல நேர்ந்த மக்கள் அதன் கொம்பையே தெய்வமாக நட்டு வணங்கினர் என்று கொள்வோமாயின், அவ்வழிபாட்டில் நன்றியோடு ஓர் இரக்கமும் கலந்திருந்தது எனலாம்.

ஆயினும் வெம்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் முட்டையிட்டு வாழும் ஒரு சிறு சுறவினத்தின் முட்டைகளை வெவ்வேறு வெம்மையில் வளர்த்து 2021ஆம் ஆண்டு ஆய்வு முடிவு வெளியிட்டனர். 27 பாகையில் 125 நாட்களில் பொரிந்தவை, 31 பாகையில் 100 நாட்களிலேயே பொரிந்தன. விரைந்து வந்த குட்டிகள் உருவிற் சிறுத்தும் ஆற்றல் குன்றியும் இருந்தன. பருவத்திற்கு முன் பறித்த கனி போன்றதே அப்பிறப்பு.

முத்துக் குளித்தலும் கடல்கட்டியும்

சோழமண்டலக் கரையை அரபு வணிகர் மாபார் என்று அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளித்தல் ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை நிகழ்ந்ததாகக் குறிக்கின்றார். கடல் அமைதியுற்று நீர் தெளிந்திருக்கும் அக்காலமே நீர் மிகவும் வெம்மையுறும் காலமும் ஆகும். மூழ்குவோர்க்கு ஏற்ற காலம் சுறவுக்கும் ஏற்றதாயிருந்தது. ஆகவே பெருமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுவோரை வணிகர் உடன் அழைத்துச் சென்று, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கை அவர்க்கு அளித்தனர். அரசனுக்குரிய பங்கு பத்தில் ஒன்று. பிற்காலத்தில் கடல்கட்டி என்று பெயர்பெற்ற இத்தொழில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் தொடர்ந்தது. மந்திரத்தின் மெய்ம்மை நமக்கு ஏற்புடையதன்று. எனினும் சுறவு எங்கே எப்பொழுது வரும் என்னும் அறிவுக்கு ஒரு சமுதாயம் அரசனின் பங்கில் பாதி அளவுக்கு விலை மதித்தது என்னும் செய்தி சிந்திக்கத்தக்கது.

மாறும் முதற்பொருள்

இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் வெம்மை சராசரியாக 1 பாகை உயர்ந்துள்ளது என்கின்றது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு அக்காலத்தில் 0.7 பாகையே. ஒரு பாகை என்பது நம் தோலுக்குத் தெரியாத அளவு. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளோ 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெம்மையால் வெளிறிப்போயின.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் புலிச்சுறாக்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்ந்தோர் 2022ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். நீரின் வெம்மை வழக்கத்தினும் ஒரு பாகை மிகும்போது அவை ஏறத்தாழ 400 கி.மீ. கூடுதலாக வடக்கே செல்கின்றன. அட்லாண்டிக் கடலுக்கு வடக்கே வழி திறந்துள்ளது. வங்கக் கடலுக்கோ வடக்கே வங்கமும் கிழக்கே மியன்மாரும் மதிலாக நிற்கின்றன. தெற்கே சென்றால் நிலநடுக்கோட்டின் வெம்மையே எதிர்ப்படும். குளிர்ச்சியை நாடும் நம் கடற் சுறவுக்கு எஞ்சிய வழி ஆழம் ஒன்றே.

அவ்வழியும் எளிதன்று. வங்கக் கடலில் சுமார் 100 மீட்டருக்குக் கீழே உயிர்வளி மிகக் குறைந்த ஓர் அடுக்கு பல நூறு மீட்டர் தடிமனுக்குப் பரந்துள்ளது. வெம்மையுற்ற நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியும் குறைவு. மேலே வெம்மை, கீழே மூச்சின்மை என இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய அறையில் வாழ வேண்டிய நிலை நேரலாம். அட்லாண்டிக் கடலில் இத்தகைய அடுக்கின் மேல் நீலச்சுறாக்கள் ஆழம் செல்லாது மேல்நீரிலேயே தங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மேல்நீரில் நெருங்கிய மீன் தூண்டிலுக்கும் வலைக்கும் எளிதாக இரையாகும்.

இங்கு நடுநிலையோடு ஒன்றைக் கூறுதல் வேண்டும். சுறவினம் குன்றியதற்கு முதற்காரணம் வெம்மையன்று, அளவிறந்து பிடித்தலே. 1970 முதல் ஆழ்கடற் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை உலக அளவில் 71 விழுக்காடு வீழ்ந்தது என 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று கணக்கிட்டது. நம் அண்டைக் கடற்கரை நகரின் பெயரால் வழங்கும் புதுச்சேரிச் சுறாவின் கடைசி அருங்காட்சியகச் சான்று 1979ஆம் ஆண்டினது. அதன்பின் கண்டதாகச் சில செய்திகள் வந்தனவேயன்றி அவ்வினம் பெருகியதாகச் சான்றில்லை. 2001ஆம் ஆண்டு இந்திய அரசு திமிங்கலச் சுறா, வேளா, புதுச்சேரிச் சுறா முதலியவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. 2015ஆம் ஆண்டு சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சட்டம் பிறந்தது நன்று. ஆனால் எது பால் சுறா, எது காக்கப்பட வேண்டிய இனம் என்று பெயரறிந்து பிரிப்பவர் கரையில் இருந்தாலன்றிச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

முடிவுரை

முதற்பொருள் மாறினால் கருப்பொருள் நிலைக்காது. கருப்பொருள் மறைந்தால் அதனைச் சுட்டும் சொல்லும் மறையும். நெய்தல் மக்கள் சுறவினத்துக்கு இட்ட பெயர்கள், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இட்ட பெயர்கள் ஆகியவற்றுள் அகராதி ஏறாதன பல. கருவிகள் மிதவையில் அளப்பதை மீனவர் கையை நீரில் வைத்தே அறிந்தனர். அவ்வறிவு முதியோரின் நாவிலேயே உள்ளது, அவரோடு போய்விடும்.

ஆகவே தமிழ் பயிலும் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கோவளம், நீலாங்கரை, காசிமேடு முதலிய இடங்களுக்குச் சென்று, மீன், நீர், காற்று பற்றிய சொற்களை அங்குள்ள முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். எந்தச் சுறா எந்த மாதத்தில் வருகிறது, நீர் எவ்வாறு இருக்கும்போது வருகிறது, தந்தை காலத்தில் வந்து இப்போது வாராதது எது என்று வினவிக் குறித்தல் வேண்டும். பள்ளிக்கரணையின் அளவைகளும் கோவளத்தின் சொற்களும் ஒருங்கே வைத்து நோக்கப்படும் நாளில் உயிரியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரே மேசையில் அமரும். சமுதாயப் பெரியோர் இத்தகைய தொகுப்புப் பணிக்கு ஊக்கமளிப்பாராயின் அது நிலைத்த அறமாக விளங்கும்.

திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயமாகிய அர்ரூம், நிலத்திலும் நீரிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர்தம் செயலையே காரணமாகக் காட்டி, அவர்கள் திருந்தும் வாய்ப்பையும் உடன் உரைக்கின்றது. சீர்கேட்டை அறிவது முதற்படி. திருந்துவது அடுத்த படி. முதற்படியில் கால் வைக்க நமக்கு வேண்டியது ஒரு குறிப்பேடும், கேட்கும் செவியும், கோவளம் செல்லும் பேருந்துச் சீட்டும் மட்டுமே.